மறுபடி வரச் சொல்லி ஒரு சீட்டு

மரியபுஷ்பத்துக்கு மைசூரில் தெரியாத சந்து குறைவு. அக்ரஹாரத்தில் எந்த வீட்டு மாடிப்படி செங்குத்தானது, எந்த வாசலில் நாயைக் கட்டியிருக்க மாட்டார்கள், ஊதுபத்தி உருட்டும் பெண்கள் மத்தியானத்தில் யார் வீட்டு வாசலில் கூடுவார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்ன கிளினிக்கில் அவள் ஆயா. தரை துடைப்பாள், கருவிகளை வெந்நீரில் கொதிக்க வைப்பாள், பச்சைத் திரைச்சீலையைத் துவைத்துக் காயப் போடுவாள். ஆனால் அவளுக்குக் கொடுத்த சம்பளத்தில் பாதி நடப்பதற்குத்தான்.

சனிக்கிழமைதோறும் அந்தக் கிளினிக்கில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் தொடங்கியிருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்தார்கள். சின்ன மரக்குச்சியால் மெதுவாக வழித்து, கண்ணாடித் துண்டில் தடவி, பெங்களூருக்கு அனுப்புவார்கள். மூன்று வாரத்தில் பதில் வரும். பதில் சரியில்லாத பெண்களுக்குத் தபால் அட்டை போடுவதில்லை. தபால்காரர் படிப்பார், மாமியார் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள், தெருவே படித்துவிடும். அதனால் 'மறுபடி வரவும்' என்று கன்னடத்தில் அச்சடித்த மஞ்சள் சீட்டைப் புஷ்பத்தின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். போய்வந்த பிறகு ஒரு நோட்டில், அவரவர் பெயருக்கு எதிரே, நடந்ததை அவள் எழுத வேண்டும். 'அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்.' 'தாய்வீடு போயிருக்கிறார்.' 'வீடு பூட்டியிருந்தது.'

சீட்டை வாங்கும் பெண்கள் சொல்லும் காரணங்கள் அவளுக்கு மனப்பாடம். தங்கை பெண்ணுக்கு வளைகாப்பு. மாமனாருக்குக் கண் ஆபரேஷன். "நான் சென்னாகே இத்தீனி புஷ்பம்மா, நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு மறுபடியும்?" புஷ்பம் யாரையும் திட்டியதில்லை. கீழே உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து பூண்டு உரிப்பாள், இல்லையென்றால் நாலு பத்தி உருட்டுவாள்.

"ஒரு நாள் கூலி போயிருமேன்னுதான யோசிக்கிற? நெசந்தான், போவும். பஸ்ஸு காசும் போவும். அதுக்கு மேலயும் ஆவும். பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போவ மாட்டேன்" என்பாள்.

அவள் சொன்னது உண்மைதான். இலவசம் அந்தக் கண்ணாடித் துண்டோடு முடிந்துவிடும். அடுத்தது, கிளினிக்குக்கு வந்து பார்க்கும் டாக்டர் ஹம்ஸா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் லென்ஸ் வைத்த கருவியால் பார்த்து, துளி சதை கிள்ளி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு தொகை, சதையைப் பார்க்கும் லேபுக்கு ஒரு தொகை. அதிலும் சரியில்லை என்றால் ஆபரேஷன். பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் செலவு கம்மி, ஆனால் இன்று போ நாளை வா என்று பத்துக் கூலி நாள் போகும். எதற்கு எவ்வளவு என்பது டாக்டரைவிடப் புஷ்பத்துக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் சீட்டு வாங்கியும் வராமல் போனவர்களில் மூன்று பேருடைய சாவுக்கு அவள் போய்வந்திருக்கிறாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்தே விடாத தூறல். நாலே பேர்தான் வந்திருந்தார்கள். சனிக்கிழமை மட்டும் சம்பளம் வாங்காமல் வந்து பார்க்கும் டாக்டர் ஹம்ஸா கையுறையைக் கழற்றப் போனவர் நின்றார்.

"புஷ்பம்மா, நீங்க கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்க?"

"நானுங்களா டாக்டரம்மா? நான் இங்கயேதான இருக்கறேன்?"

"இங்க இருந்தா ஆயிடுத்தா? ஏறுங்க மேல. பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்க என்று கூப்பிட்டார்.

இரண்டு வருஷமாகத் துடைத்த மேஜையில் அன்றைக்குத்தான் அவள் முதல்முறை படுத்தாள். இறங்கும்போது, "இந்தக் கூரையில இத்தன ஒட்டடை இருக்குதுன்னு படுத்தாத்தான் தெரியுது. வர்றவங்க என்ன நெனச்சிருப்பாங்க" என்று சொல்லி, நேராக ஒட்டடைக் கம்பை எடுக்கப் போனாள். டாக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடித் துண்டில் அவள் பெயரை எழுதினார்.

மூன்று வாரம் கழித்து அவள் கைக்கு ஆறு சீட்டுகள் வந்தன. கட்டு போட்டுக் கொடுத்த புது கன்னியாஸ்திரீ, பெயர்களைப் பார்க்கவில்லை. ஐந்தாவது சீட்டில் அவள் பெயர் இருந்தது.

புஷ்பம் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்து வீட்டுக்கும் போனாள். ஐந்து பேரிடமும் எப்போதும்போலப் பேசினாள். சாயங்காலம் நோட்டை எடுத்து, தன் பெயருக்கு எதிரே, 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதினாள்.

*

பூட்டக்கூடிய நிலைமையில் அந்த வீடு இல்லை. அவள் புருஷன் குழந்தைசாமி இரண்டு வாரமாக வீட்டிலேயேதான் இருந்தான்.

குழந்தைசாமிக்குச் சொந்த ஊர், காவிரிக்குப் பக்கத்தில் காட்டோரமாக இருக்கும் கோபிநத்தம். பதினெட்டு வயதில் மைசூர் வந்து, அக்ரஹாரத்தில் லிங்கப்பன் ஓட்டலில் பாத்திரம் கழுவி, மாவாட்டி, கடைசியில் தோசைக் கல்லுக்கு முன்னால் போய் நின்றவன். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கல்லின் அனலில் நின்று நின்று, அவன் வலது முன்கையில் முடி முளைப்பதே நின்றுவிட்டது. ஒரே மகள் ஸ்வீட்டியைக் கொள்ளேகாலில் கட்டிக் கொடுத்தாயிற்று. இனி யாருக்கும் கூலிக்கு தோசை ஊற்றுவதில்லை என்று முடிவு செய்து, விஜயநகரில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு கணபதிராமன் வீட்டு முன்னறையைப் பன்னிரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்திருந்தான். ஆவணியில் டிபன் ரூம் திறப்பதாக இருந்தது.

புதிதாக வாங்கிய கனமான இரும்புக் கல்லை வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் வைத்து, தினமும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பழக்கிக்கொண்டிருந்தான். முதல் வாரம் ஊற்றியதெல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது. லைன் வீடுகளில் இருந்த பிள்ளைகளெல்லாம் பிய்ந்த தோசை தின்று கொழுத்தார்கள்.

"ஏ புள்ள, இன்னைக்கு ஓரம் எந்திரிச்சுது பாரு. நடுவுல மட்டுந்தான் புடிக்குது. இன்னும் ஒரு வாரத்துல கல்லு என்ற பேச்சைக் கேட்டுரும்."

"கேக்குமுங்க. நீங்க பேசற பேச்சுக்குக் கல்லும் கேக்கும்."

அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்குச் சீட்டை எடுக்கக் கை வரவில்லை. கடை திறக்கட்டும், ஒரு மூன்று மாதம் ஓடட்டும், தசரா கழியட்டும். அதுவரைக்கும் பொறுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். இதையே இன்னொருத்தி சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அடுத்த வாரமும் 'வீடு பூட்டியிருந்தது.' அதற்கு அடுத்த வாரமும்.

மூன்று தடவை வீடு பூட்டியிருந்தால் வேறு ஆளை அனுப்ப வேண்டும் என்பது கிளினிக்கின் வழக்கம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் ஆயா ராணியிடம் அதே பெயருக்குப் புதுச் சீட்டு போயிற்று. ராணிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். பெயரைவிட விலாசத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டு வந்து, குழந்தைசாமி கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த வாசலில் நின்றாள்.

"அண்ணா, இது புஷ்பக்கா மனெயா? அய்யய்யோ, நான் யாரோன்னு வந்தேனே!"

"ஆமாம்மா. அவ கிளினிக்குக்குப் போயிருக்கா. என்ன சேதி?"

"மூணு வாரமா சீட்டு கொடுக்க வந்தாங்களாம், வீடு பூட்டியிருந்துச்சாம் அண்ணா."

"பூட்டியிருந்துச்சா? ஆரு சொன்னது? நான் இங்கயேதான உக்காந்திருக்கறேன்! ஆரு வந்தா?"

ராணி நோட்டில் இருந்த கையெழுத்தை நினைத்துப் பார்த்தாள். மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தாள். "புஷ்பக்காதான் அண்ணா வந்தாங்க" என்றாள்.

*

அன்று சாயங்காலம் புஷ்பம் வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. மஞ்சள் சீட்டு சுவரில் மாதா படத்துக்குக் கீழே செருகியிருந்தது. குழந்தைசாமி அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் கை கால் கழுவி வந்து உட்கார்ந்தாள்.

"ராணி வந்தாளாக்கும்."

"ஊரு பூராப் போயி நீ வா, நீ வான்னு கூப்படற. உன்ற வீட்டுக்கு மட்டும் பூட்டுப் போட்டுட்டயா?"

"கடை திறக்கட்டும்னு பாத்தனுங்க."

"கடையில வந்து காசு வாங்கிப் பொட்டியில போடறது ஆரு? நான் கல்லுகிட்ட நின்னா முன்னாடி ஆரு நிப்பா?" அவன் குரல் உயர்ந்து, உடனே தழைந்தது. பக்கத்து வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். "அது என்ன வியாதி? எனக்குப் புரியறாப்பல சொல்லு. ராணி ஏதோ சொன்னா, கன்னடம் பாதி, தமிழ் பாதி, அழுகை பாதி. ஒண்ணும் வெளங்கலை."

"இன்னும் வியாதியே ஆகலீங்க. ஆனாலும் ஆகலாம்னு சொல்றாங்க. உள்ள வாய்ப்பக்கம் தோலு மாறிட்டு வருதாம். எவ்வளவு மாறியிருக்குதுன்னு பாக்கோணும். மாறினத மட்டும் வெட்டி எடுத்துட்டாச் சரியாப் போயிரும். வுட்டா, வருசம் கழிச்சுப் பரவும்."

அவன் மாவுப் பாத்திரத்தைப் பார்த்தான். "மாவு ஓரத்துல மட்டும் கெட்டுருக்குது. இப்பவே வழிச்சு எடுத்துட்டா மிச்ச மாவு நல்லா இருக்கும். அப்படித்தான?"

"அப்படித்தானுங்க."

"இதச் சொல்றதுக்கா மூணு வாரம்? வலிக்குதா?"

"இல்லீங்க. வலிச்சாத்தான் நானே ஓடியிருப்பனே. வலிக்காததுக்குச் செலவு பண்ணத்தான் மனசு வரலை."

"எவ்வளவு ஆவும்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லென்ஸ் பார்க்க, சதை கிள்ள, லேபுக்கு, ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு, தியேட்டருக்கு, மருந்து மாத்திரைக்கு, பிறகு முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுவதற்கு. ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள். இரண்டு கை விரலும் தீர்ந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள். குழந்தைசாமி அடுப்பைப் பற்ற வைத்து, கல்லைப் போட்டு, ஒரு தோசை ஊற்றினான். அது நடுவில் கொஞ்சம் பிய்ந்தது. அதைத்தான் இருவரும் பாதிப் பாதியாகத் தின்றார்கள்.

"நாளைக்கு விஜயநகருக்குப் போயி அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கறேன்" என்றான். "நீயும் வா. எனக்கு அவரோட பேசத் தெரியாது."

*

கணபதிராமன் வீட்டு வாசலில் புது இரும்பு ஷட்டர் சாம்பல் வர்ணத்தில் பளபளத்தது. அவர் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருஷம் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டியவர். எதையும் நேரப்படியும் எழுத்துப்படியும் செய்கிறவர்.

"திறப்பு விழாவுக்கு நாள் பாத்தாச்சா? வெள்ளிக்கிழமையா இருந்தா நல்லது."

"இல்லீங்க சார். கடை இப்ப வேண்டாமுங்க. அந்த அட்வான்ஸு..."

அவர் பேப்பரை மடித்தார். "என்னப்பா இது விளையாட்டு? ஷட்டர் உனக்காகப் போட்டேன். சிங்க் உனக்காகப் போட்டேன். எழுத்துல என்ன போட்டிருக்கோம்? நீயா வேண்டாம்னா பாதிதான் திரும்பும்னு கையெழுத்து போட்டிருக்கே."

"தெரியுமுங்க. பாதி குடுத்தாலும் போதுமுங்க. வீட்டுல ஒடம்பு சரியில்ல."

"என்ன உடம்பு?"

குழந்தைசாமி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. புஷ்பம்தான் சொன்னாள். "கர்ப்பப்பை வாயில சார். புத்து வர்றதுக்கு முந்தி இருக்கற நெலைமைன்னு நெனைக்கறாங்க. டெஸ்ட் எடுக்கோணும். ஆபரேஷன் இருந்தாலும் இருக்கும்."

கணபதிராமன் சட்டென்று மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார். சமையலறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் பேப்பருக்குள்ளிருந்து. "ஏழாயிரம் தரேன். பாதிக்கு மேலயே ஆச்சு. செக் வேண்டாம், நாளைக்குப் பணமாவே வாங்கிக்கோ."

வெளியே வந்து இருவரும் பஸ் நிறுத்தம் நோக்கி நடந்தார்கள். பத்தடி போவதற்குள் பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கணபதிராமனின் மனைவி அன்னபூர்ணி, ஒரு கையில் கறிவேப்பிலைக் கொத்தோடு வேகமாக வந்தாள். குழந்தைசாமியைப் பார்த்து, "நீங்க போயிண்டே இருங்கோ" என்றாள். அவன் போனதும் புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அந்த டெஸ்ட்டு ரொம்ப வலிக்குமா?"

இரண்டு வருஷமாக எத்தனையோ வாசலில் புஷ்பத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கிற விதத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிடும். "எத்தன நாளா மாமி?" என்றாள்.

அன்னபூர்ணி ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறு மாசமா. எல்லாம் நின்னு பத்து வருஷம் ஆச்சு. இப்போ திரும்பவும் ரத்தம் படறது. முதுகெல்லாம் கடுக்கறது. எனக்கு அம்பத்தேழு வயசு. இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

"சார்கிட்ட..."

"அவர்கிட்டயா? இப்போ பாத்தியோன்னோ, நீ சொன்னதுக்கே பேப்பருக்குள்ள பூந்துண்டார். கார் இருக்கு, ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கு, பென்ஷன் இருக்கு. வாயத் திறந்து சொல்லத்தான் வழியில்லை."

"சனிக்கிழமை வாங்க மாமி. எங்க கிளினிக்குல பொம்பள டாக்டருதான்."

"பயமா இருக்கும்மா."

புஷ்பம் அவள் கையை இறுகப் பிடித்தாள். "எனக்கும் பயந்தானுங்க" என்றாள். "மூணு வாரமா என்ற பேருக்கு நேரா வீடு பூட்டியிருக்குதுன்னு நானே எழுதிட்டேன். என்ற வீட்டுக்காரரு உள்ள உக்காந்து தோசை ஊத்திட்டு இருக்கறாரு."

அன்னபூர்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறிவேப்பிலைக் கொத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வரேன்" என்றாள்.

*

சொன்னபடியே வந்தாள். டாக்டர் ஹம்ஸா அவளைப் பரிசோதித்துவிட்டு, கண்ணாடித் துண்டு எடுக்கவில்லை. "இதுக்கு ஸ்லைடு வேண்டாம் மாமி. செவ்வாய்க்கிழமை நேரா என் ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். அதே செவ்வாய்க்கிழமைதான் புஷ்பத்துக்கும் சொல்லியிருந்தது.

அன்று இருவருக்கும் அடுத்தடுத்துச் சதை கிள்ளி எடுத்தார்கள். வெளியே கர்ப்பிணிகள் நிறைந்த பெஞ்சில் ஒரே ஆணாக, குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குழந்தைசாமி உட்கார்ந்திருந்தான். அன்னபூர்ணி வெளியே வந்தபோது நடை தள்ளாடியது. அவன் எழுந்து இடம் கொடுத்து, ஃபிளாஸ்க்கில் இருந்த கஷாயத்தை ஊற்றிக் கொடுத்தான். "வீட்டுல கொதிக்க வெச்சதுங்க மாமி. சுக்கு, மல்லி, கருப்பட்டி. குடிக்கலாமுங்களா?" அவன் எதற்குத் தயங்குகிறான் என்பது அன்னபூர்ணிக்குப் புரிந்தது. கையை நீட்டி வாங்கி, முழு டம்ளரையும் குடித்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. புஷ்பத்துக்குப் புற்று இல்லை. அதற்கு முந்தைய படிகளில் கடைசிப் படி. வாய்ப்பக்கம் கூம்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்தால் போதும் என்றார் டாக்டர். தன் பங்குக் கட்டணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழாயிரத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது. குழந்தைசாமி லிங்கப்பன் ஓட்டலுக்குத் திரும்பப் போனான். கல்லுக்கு முன்னால் அதற்குள் வேறொருவன் வந்துவிட்டிருந்தான். "சட்னிக்கும் சாம்பாருக்கும் ஆள் வேணும். சம்பளம் கொஞ்சம் கம்மிதான், ஆகுத்தா?" என்றார் லிங்கப்பன். "ஆகலி" என்று சம்மதம் சொல்லிவிட்டு, அவன் அன்றே தேங்காய் உடைக்க உட்கார்ந்தான்.

அன்னபூர்ணிக்கு வந்தது புற்றேதான். ஓரளவு பக்கத்திலும் பரவியிருந்தது. பெங்களூரில் ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், பிறகு உள்ளே வைக்கும் சிகிச்சையும் உண்டு என்றார் டாக்டர். இனி மறைக்க முடியாது. டாக்டரே கணபதிராமனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து புஷ்பம் வீட்டில் படுத்திருந்த நாலாம் நாள் காலை, லைன் வீடுகளின் வாசலில் ஒரு பழைய ஃபியட் வந்து நின்றது. கணபதிராமன் குனிந்து உள்ளே வந்தார். உட்கார வைக்க நாற்காலி இல்லை. கவிழ்த்த மாவு டின்னின்மேல் குழந்தைசாமி துண்டை விரித்தான். அவர் அதில் உட்கார்ந்தார்.

"கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம்" என்றார். "ராத்திரி டூட்டிக்குப் போகும்போது ஒரு நாள் தவறாம கேரியர் கட்டிக் கொடுத்திருக்கா. அவ ஏன் என்கிட்ட சொல்லலை? ஆறு மாசம்! ஒரே ஆத்துல இருந்துண்டு. நீ யாரு, ரோட்டுல பாத்தவ. உன்கிட்ட சொல்லியிருக்கா."

புஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "என்கிட்டச் சொல்றது சுலபம் சார். நானும் அதே நெலைமையில நின்னுட்டு இருந்தேன்."

"எவ்வளவு செலவானாலும் நான் பாத்துப்பேன். பெங்களூர் என்ன, பம்பாய்க்குக்கூட அழைச்சுண்டு போவேன். அவ கேட்டிருந்தா..."

"மாமிக்குக் காசு கொறையில்லீங்க. எங்க வீட்டுல நான் காசுக்குப் பயந்து சொல்லலை. மாமி உங்க மொகத்துக்குப் பயந்து சொல்லலை. ரெண்டும் ஒண்ணுதானுங்க, நாளுதான் போச்சு."

குழந்தைசாமி பதறிப்போய், "புள்ள!" என்றான்.

"சொல்லட்டும்" என்றார் கணபதிராமன். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இப்போ நான் என்ன பண்ணணும்? அதைச் சொல்லு."

"கூடப் போங்க. உள்ள என்ன நடக்குதுன்னு டாக்டருகிட்ட நீங்களே கேளுங்க. திரும்பி வந்ததும் எப்படி இருக்குதுன்னு அவங்களக் கேளுங்க. பதில் சொன்னா, பேப்பர எடுக்காதீங்க."

குழந்தைசாமி ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "அந்த மிச்ச அஞ்சாயிரம்..." என்று ஆரம்பித்தார்.

"எழுத்துல இருக்கறபடி இருக்கட்டுங்க சார்" என்றான் குழந்தைசாமி.

"எழுத்துல என்னடா இருக்கு" என்றார் அவர். மறுநாள் பணம் வந்து சேர்ந்தது. அது அந்த வருஷத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறைச் சோதனைகளுக்கும், புஷ்பத்துக்குச் சம்பளம் பிடித்த ஒரு மாதத்துக்கும் சரியாகப் போயிற்று. கடை என்ற பேச்சை அந்த வீட்டில் பிறகு யாரும் எடுக்கவில்லை.

*

பெங்களூரில் இடம் கிடைக்கவே நாளாகி, சிகிச்சை முடிந்து அன்னபூர்ணி டிசம்பர் கடைசியில்தான் திரும்பி வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அவரைக்காய்க் காலம். குழந்தைசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரைக் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து, காரம் குறைத்துக் குழம்பு வைத்தான். இருவரும் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு விஜயநகர் போனார்கள்.

அன்னபூர்ணி வாசலில் வெயிலில், போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏதோ தீய்ந்த வாசனை வந்தது.

"ரசம் வைக்கறார்" என்றாள் அவள். "மூணாவது நாளா. பருப்பை அடி பிடிக்க விடறார். சொன்னா ரோஷம். போய்ப் பாரேன் குழந்தைசாமி."

அவன் உள்ளே போனதும் அவள் புஷ்பத்தைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"தினமும் கேக்கறார்ம்மா. எப்படி இருக்கு, எங்க வலிக்கறதுன்னு. நான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிட்டேன்." உதடு வெடித்திருந்ததால் கவனமாகச் சிரித்தாள். "டாக்டர் பார்க்கலாங்கறா. ரெண்டு வருஷம் தாண்டினா நல்லதாம். தாண்டறேனோ இல்லையோ. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

புஷ்பம் அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குழந்தைசாமியின் குரல் கேட்டது. "மொதல்ல அடுப்பச் சிம்மு பண்ணுங்க சார். சித்த, சித்த. போதுமுங்க."

"உங்க சனிக்கிழமை இன்னும் நடக்கறதா?"

"நடக்குதுங்க மாமி. குளிருக்கு ஆளு வர்றது கொறச்சல்."

அன்னபூர்ணி எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தாள். 

ஜனவரியில் சங்கராந்தி கழிந்த சனிக்கிழமை, கிளினிக் வாசலில் அந்த ஃபியட் வந்து நின்றது. கணபதிராமன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் நாலு பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு பிரதிபா, பால் பூத் வைத்திருக்கும் கௌரம்மா, இன்னும் அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர். கணபதிராமன் இறங்கி, ரயில் நிலையத்துக்கு வந்த வண்டியைச் சரிபார்ப்பதுபோலக் காரை ஒரு சுற்று சுற்றி வந்து பின்கதவைத் திறந்துவிட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் போய் வெளி பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கையில் பேப்பர் இல்லை.

முன் சீட்டில் அன்னபூர்ணி இருந்தாள். மாங்காய் நிறச் சால்வையில் முகம் மட்டும் தெரிந்தது. கன்னத்து எலும்பு புடைத்து, கண் உள்ளே போயிருந்தது. புஷ்பம் ஓடிப்போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள்.

"நீங்க எதுக்கு மாமி இந்தக் குளிர்ல? டாக்டரு திட்டப் போறாரு."

"எறங்கலை, எறங்கலை. இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றாள் அன்னபூர்ணி. "போன வாரமே இவர் மட்டும் அழைச்சுண்டு கிளம்பினார். பாதி வழியில ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குப் பால்காரன் வருவான்னு சொல்லி எறங்கிட்டா. அதான் இன்னிக்கு நானே முன்னாடி ஏறி உக்காந்துண்டேன். இந்த மூஞ்சியப் பாத்துண்டே வந்தா எவளும் எறங்க மாட்டா."

பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்னபூர்ணியும் சிரித்தாள். புஷ்பத்தால் மட்டும் உடனே சிரிக்க முடியவில்லை. சால்வையை அவள் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டு, காற்று வராமல் கார்க் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, வரிசையாக நின்ற நாலு பேரையும் பார்த்து, "மொதல்ல ஆரு வர்றீங்க?" என்று கேட்டாள்.